ஸ்லைடு தரை இற்றுப்போனால்: வாசகர் கேள்வி பதில்

கூடாரத் துணியும் விறகும் வாங்கும் பருவம் தொடங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த ஆர்வியை, அதாவது தங்கும் வசதியுள்ள பயண வண்டியைத் திறந்தவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. வண்டி நின்றபின் சுவரோடு சேர்த்து வெளியே தள்ளிக்கொள்ளும் அறைப்பெட்டியின் தரைதான் அது. கடைக்காரரும் பட்டறைக்காரரும் அதை ஸ்லைடு என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளாக எடுத்திருக்கிறோம். முதலிலிருந்து படித்தால் பயன் கூடும்.

கேள்வி (ஸ்கார்பரோ): பத்து வருடப் பழைய டிரெய்லரை வாங்கினோம். சோபா இருக்கும் ஸ்லைடின் வெளி மூலையில் காலை வைத்தால் தரை மெத்தைபோல் அமுங்குகிறது. மேலே வினைல் விரிப்பு நன்றாகவே இருக்கிறது, ஈரமும் தெரியவில்லை. எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரிப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்லைடு தரை மேலிருந்து கெடுவது குறைவு. அது ஓரத்திலும் அடியிலும் கெடும்.

பெரும்பாலான ஸ்லைடுகளின் தரை 5/8 அல்லது 3/4 அங்குல ஓஎஸ்பி பலகை, அதாவது மரச்சில்லுகளைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. அதன் தட்டையான முகம் தண்ணீரை ஓரளவு தாங்கும். வெட்டிய ஓரம் தாங்காது, திரிபோல் உறிஞ்சிக்கொள்ளும். அந்த வெட்டு ஓரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடின் வெளிச்சுவரும் தரையும் சேரும் கீழ் விளிம்பில் இருக்கிறது. சுவரில் வழியும் மழைநீர் முழுதும் வந்து நிற்கும் இடமும் அதுவேதான். அங்கே ஓர் அலுமினியப் பட்டையை ஸ்க்ரூ அடித்து மூடியிருப்பார்கள். அந்தப் பட்டைக்குப் பின்னாலுள்ள சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) சில வருடங்களில் வெடித்துவிட்டால், தண்ணீரைத் தள்ளவேண்டிய பட்டையே அதை ஏந்தி வைக்கும் தொட்டியாகிவிடும். நேராகப் பலகை ஓரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இனி அடிப்பக்கம். தரையின் கீழே கறுப்பு நிறத்தில், சாக்குபோல் நெய்த பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கும். டார்கோ என்பார்கள். ஸ்லைடு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், வண்டியின் திறப்பு விளிம்பிலுள்ள உருளைகள் இந்தத் தாளின்மேல்தான் ஓடும். ஓடி ஓடி ஒரு தடம் தேய்ந்து கிழியும். கிழிசல் வழியே தெருவில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகும். அப்படிப் போன தண்ணீர் வெளியேற வழியில்லை என்பதுதான் பெரிய கேடு. தண்ணீரைத் தடுக்கப் போட்ட தாள் அதைப் பைபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்கால நிறுத்தம் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஸ்லைடு உள்ளே இழுத்திருக்கும்போது உருளைகள் நிற்பது வெளி ஓரத்துக்கு அடியில். ஏற்கெனவே ஊறிய ஓரத்தின்மேல் ஐந்தாறு மாதம் ஒரே இடத்தில் பாரம் இருந்தால் அங்கே குழி விழும்.

சோதிக்கும் முறை இதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்லைடை முழுதாக வெளியே தள்ளுங்கள். கீழே குனிந்து டார்கோ எங்காவது தொப்பைபோல் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் மிகத் தாழ்ந்த இடத்தில் கத்தியால் இரண்டு அங்குலம் கீறுங்கள். தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டினால் அது வாரக்கணக்கில் ஊறிய நீர். பிறகு கூரான குத்தூசி ஒன்றை எடுத்து, வெளி விளிம்பு நெடுக 6 அங்குலத்துக்கு ஒரு குத்து, அங்கிருந்து உள்நோக்கியும் 6 அங்குலத்துக்கு ஒரு குத்து எனக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல பலகையில் ஊசி 2, 3 மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிடும், நெம்பினால் நீள நாராகப் பிளக்கும். இற்ற பலகையில் தடையே இல்லாமல் முழுதும் இறங்கும். நெம்பினால் ஊறவைத்த அவல்போல் பிசுபிசுத்துத் துண்டு துண்டாக வரும். குத்திய இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் நல்லது, கெட்டது என்று குறியுங்கள். குத்திய ஓட்டைகளைப் பின்னர் நாடா ஒட்டி மூடிவிடலாம்.

ஊசி முனை உள்ள ஈரமானி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். 15 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கோ வந்துகொண்டிருக்கிறது. 28, 30 அளவில் நாட்கணக்கில் நின்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளரும். கடைசியாகக் கெட்ட குறியிலிருந்து இன்னும் 6 அங்குலம் தள்ளிக் கோடு போடுங்கள். அதுவரை வெட்டவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையை எடுப்பதற்கு முன்பே தண்ணீர் வந்த வழியையும் கண்டுபிடித்துவிடுங்கள். ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்க, மற்றவர் தோட்டக்குழாயை மெல்லத் திறந்து கீழ்ப்பட்டையில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஓர் இடமாக ஜன்னல், மூலைப்பட்டை, கூரை விளிம்பு என மேலேறவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், எந்த இடத்தில் ஒழுகியது என்று தெரியாது. அழுத்தமாகப் பீய்ச்சவும் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. ஸ்லைடில் ஜன்னல் இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். தரை மூலை கெட்டிருக்கும், ஒழுகுவது நான்கு அடி மேலே ஜன்னல் சட்டத்தில் இருக்கும்.

கேள்வி (டாலஸ்): தரையைப் பிரிக்காமல், துளை போட்டு மெல்லிய எபாக்சி (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றினால் மரம் கல்லாகிவிடும் என்கிறார்களே?

பதில்: உள்ளங்கை அளவு இடம், நன்றாகக் காய்ந்த மரம், மேலே பாரம் இல்லை, ஸ்க்ரூ எதுவும் அங்கே பிடிக்கவில்லை என்றால் செய்யலாம். மூன்று வாரம் விசிறி வைத்துக் காயவைத்து, ஈரமானி 15-க்குக் கீழே காட்டியபின், 1/4 அங்குலத் துளைகளை ஓர் அங்குல இடைவெளியில் முக்கால் ஆழம்வரை போட்டு, மரம் குடிப்பதை நிறுத்தும்வரை ஊற்றவேண்டும்.

மற்ற இடங்களில் வேண்டாம். ஈர மரத்துக்குள் எபாக்சி இறங்காது. மேலே ஓடுபோல் காய்ந்து, அடியில் ஈரத்தை அடைத்துவிடும், அழுகல் பக்கவாட்டில் தொடரும். ஓஎஸ்பி-யில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஊறும்போது சில்லுகள் பிரிந்து உப்பிவிடும், 16 மில்லிமீட்டர் பலகை 19, 20 ஆகிவிடும். அதை அப்படியே கெட்டியாக்கினால் மேட்டைத்தான் கெட்டியாக்குகிறீர்கள். ஸ்லைடு உள்ளே வரும்போது அந்த மேடு உருளையிலும் தரை விளிம்பிலும் உராயும்.

கேள்வி (பிராம்ப்டன்): எங்கள் ஸ்லைடு 12 அடி நீளம், 3 அடி ஆழம். வெளி ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு நீளம் முழுக்கக் கெட்டிருக்கிறது. தச்சு வேலை ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்கி எப்படி முடிப்பது?

பதில்: இரண்டு பேர் வேண்டும், நான்கைந்து வறண்ட நாட்கள் வேண்டும், எபாக்சி இறுக இரவிலும் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். உங்கள் பக்கத்தில் அது ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை.

முதலில், உங்கள் ஸ்லைடில் எது எதைத் தாங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அடியில் இரண்டு இரும்புக் கைகள் நீண்டு வெளி விளிம்பைப் பிடித்திருந்தால், பல்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட பழைய வகை அது. அதில் தரையும் கையும் சேர்ந்து சுவரைத் தாங்குகின்றன. கைகள் இல்லாமல், பக்கச் சுவர்களில் மேலும் கீழுமாக அலுமினியப் பல்பட்டைகள் ஓடினால் அது ஷ்விண்டெக் வகை. அதில் தலைகீழ்: பக்கச் சுவர்தான் தரையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடியிலிருந்து மேல்நோக்கி அடித்த ஸ்க்ரூக்களில் தரை தொங்குகிறது என்றே சொல்லலாம். அங்கே ஸ்க்ரூ பிடித்த மரம் இற்றால் தரை சுவரைவிட்டுக் கீழே இறங்கும். அப்படி இறங்கிய தரையைப் பார்த்தால் அதன்மேல் ஏறி நிற்காதீர்கள்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள், வெளி மின்சாரத்தைப் பிடுங்குங்கள், ஸ்லைடு மோட்டாரின் ஃபியூஸை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்தினால் கை போய்விடும். அடுப்போ ஃப்ரிட்ஜோ அதே ஸ்லைடில் இருந்தால் புரொப்பேன் சிலிண்டரை மூடி, எரிவாயுக் குழாயும் வயர்களும் தரைக்கடியில் எங்கே போகின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு இணைப்பை மட்டும் உரிமம் உள்ளவரிடம் கொடுத்துக் கழற்றிப் பூட்டுங்கள்.

அடுத்து முட்டு. ஸ்லைடு முழுதாக வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கச் சுவரின் வெளிமுனைக்கு அடியிலும் ஒரு பாட்டில் ஜாக்கி, அதன்மேல் நான்குக்கு நான்கு அங்குலக் கட்டை. மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள், இல்லாவிட்டால் இரவு மழையில் புதைந்துவிடும். 12 அடிக்கு நடுவிலும் ஒரு தாங்கல் வேண்டும். நடுப்பகுதித் தரையில் ஓர் அடி சதுரம் முதலில் வெட்டி எடுத்து, அதன் வழியே நிலத்திலிருந்து ஸ்லைடின் உள்கூரைவரை ஒரு முட்டுக்கட்டை கொடுத்தால் கூரை தொய்யாது. ஜாக்கியை உயர்த்தும்போது சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் எழவேண்டாம். அதற்குமேல் தூக்கினால் மேல் மூலைகளின் சீலன்ட் கிழிந்து புது ஒழுகல் தொடங்கும்.

சோபாவையும் விரிப்பையும் எடுங்கள். வெளியே கீழ்ப்பட்டையைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள ப்யூட்டைல் பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள். இப்போது பலகையின் ஓரம் கண்ணுக்குத் தெரியும். சுவர் பலகையின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது பலகையைத் தாண்டி வெளியே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உண்டு. மேலே உட்கார்ந்திருந்தால் வேலை கொஞ்சம் கூடும். எந்தப் பக்கமானாலும் இந்த நிலையில் நல்ல பகுதியின் கனத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். உப்பிய இடத்தில் அளந்து பலகை வாங்கியவர்கள் பட்ட பாடு பெரிது.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து, குறித்த கோட்டில் நீளவாக்கில் வெட்டுங்கள். இரும்புக் கைகளின் மரைகள், வயர்கள் இருக்கும் இடத்தில் ரம்பத்தை நிறுத்தி, அதிர்வு வெட்டுக் கருவியால் மெல்ல முடியுங்கள். அதே கருவியில் உலோகம் வெட்டும் அலகை மாட்டி, சுவருக்கும் தரைக்கும் நடுவே நுழைத்து, ஸ்க்ரூக்களை அறுத்துவிடலாம். துருப்பிடித்த ஸ்க்ரூ தலையோடு மல்லுக்கட்டவேண்டாம். சுவருக்கு அடியில் மிஞ்சும் இரண்டு அங்குலக் கீற்றை உளியாலும் கடப்பாறைச் சிறுமுனையாலும் துண்டு துண்டாக எடுங்கள். பூஞ்சைத் தூள் பறக்கும், என்95 முகமூடி கட்டாயம்.

திறந்தபின் சுவரின் அடிச்சட்டத்தையும் குத்திப் பாருங்கள். மரச்சட்டமானால் பெரும்பாலும் அதுவும் கொஞ்சம் ஊறியிருக்கும். விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து 15 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு போரேட் தூளை ஒரு காலன் வெந்நீருக்கு ஒரு பவுண்டு என்று கரைத்து, மிச்சமுள்ள மரத்தில் இரண்டு தடவை தெளித்து, மீண்டும் காயவிடுங்கள். ப்ளீச் ஊற்றவேண்டாம். அது மேலே நிறத்தை வெளுக்கும், மரத்துக்குள் தண்ணீரைத்தான் சேர்க்கும்.

பழைய பலகைக்கும் புதியதற்கும் இடையிலுள்ள பொருத்துதான் இந்த வேலையின் உயிர். வீட்டில் என்றால் அடியில் ஒரு பட்டையை ஆணி அடித்து இணைத்துவிடலாம். இங்கே அடியில் எதுவும் துருத்தக்கூடாது, உருளை அந்தப் பொருத்தைக் கடந்துதான் போகவேண்டும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படிய வெட்டவேண்டும். பழைய பலகையின் விளிம்பில் 3 அங்குல அகலத்துக்கு, மேல்பாதிக் கனத்தை ரூட்டர் என்ற மரம் சீவும் கருவியால் சீவிப் படிபோல் ஆக்குங்கள். புதுப் பலகையின் விளிம்பில் அதே அளவுக்குக் கீழ்பாதியைச் சீவுங்கள். புதியது மேலிருந்து வந்து பழையதன் படியில் உட்காரும். சீவுவதற்கு முன் கழிவுத் துண்டு இரண்டில் சோதித்து, இரண்டும் படிந்தால் மொத்தக் கனம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் விரிப்பின்மேல் வரியாகத் தெரியும்.

கடையில் கிடைக்கும் பலகை 8 அடி நீளம். உங்களுக்கு 12 அடி. ஆகவே குறுக்காக ஒரு பொருத்து வரும். அதையும் இதே முறையில் வெட்டி, உருளைத் தடத்தின்மேலோ சோபாவின் கால் படும் இடத்திலோ வராதபடி தள்ளி வையுங்கள். ஆலை போட்டது ஒரே நீளப் பலகை என்பதை மறக்கவேண்டாம். நீங்கள் ஒரு பொருத்தைக் கூட்டுகிறீர்கள் என்பதால் பசையில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பலகையை முதலில் உலர்வாகப் பொருத்திப் பார்த்து, ஸ்க்ரூ இடங்களைக் குறித்து, வெளியே எடுத்து எபாக்சி பூசுங்கள். ஒரு முழுப் பலகைக்கு இரு முகங்களும் இரண்டு பூச்சு என்றால் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். உங்களுக்குக் கெட்டது ஒன்றரை அடி, இன்னும் 6 அங்குலம் தள்ளி வெட்டுவதால் 12 அடிக்கு இரண்டு அடி, 24 சதுர அடி. பொருத்துக்கும் ஓரத்துக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் போதும். ஓரங்களுக்கு மட்டும் மூன்று பூச்சு. முதல் பூச்சை ஓரம் அப்படியே விழுங்கிவிடும், பளபளப்பு நிற்கும்வரை பூசவேண்டும். இறுகியபின் மேலே மெழுகுபோல் வழுக்கும் படலம் படிந்தால் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு கழுவிவிட்டு அடுத்த பூச்சு. கழுவாமல் பூசினால் உரிந்துவரும். ஸ்க்ரூ துளைகளை முதலில் 3/8 அங்குலத்தில் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சிறு துளை போடுங்கள். ஸ்க்ரூ மரத்தைத் தொடவே கூடாது, எபாக்சிக் குழலுக்குள்தான் போகவேண்டும். தண்ணீர் இனி ஒருநாள் ஸ்க்ரூ வழியே வந்தாலும் பலகைக்குள் நுழையாது.

பொருத்துக்கான பசை கெட்டித் துவையல் பதத்தில் இருக்கவேண்டும். எபாக்சியில் சிலிக்கா தூள் கலந்து அந்தப் பதம் கொண்டுவரலாம். முதலில் தூள் கலக்காத எபாக்சியை இரு பக்கமும் தடவி, மரம் குடித்தபின் கெட்டிப் பசையைப் பூசுங்கள். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள், மரத்துண்டு வைத்து, 6 அங்குலத்துக்கு ஒரு தற்காலிக ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பசை கொஞ்சம் பிதுங்கி வந்தால் போதும். முழுதும் பிதுங்கும்படி நெருக்கினால் பொருத்தில் பசையே மிஞ்சாது. மறுநாள் ஸ்க்ரூ, மரத்துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துளைகளை அடைத்துவிடுங்கள்.

சுவரோடு பூட்ட துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, 6 அங்குல இடைவெளி. சுவருக்கும் பலகைக்கும் இடையில் பாலியூரிதேன் சீலன்ட் ஒரு வரி. ஜாக்கியை மறுநாள் இறக்குங்கள்.

அடிப்பக்கத் தாளைப் போடும்போது ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதால்தானே கூரை ஒழுகுவதில்லை. அதுபோல, அடித்தாள் வெளி ஓரத்தைச் சுற்றி மேலே ஏறவேண்டும், சுவரின் வெளித்தகடும் கீழ்ப்பட்டையும் அதன்மேல் படியவேண்டும். தாள் பட்டைக்கு வெளியே வந்து நின்றால் தண்ணீர் தாளுக்குள் போகும். முதல்முறை கெட்டதே பல வண்டிகளில் இப்படித்தான். உருளைத் தடத்தில் தாள் சுருங்காமல் இழுத்து ஒட்டுங்கள், மடிப்பு ஒன்று இருந்தால் உருளை அதைக் கவ்வி உரித்துவிடும். அந்தத் தடத்தில் மட்டும் கூடுதலாக 1/16 அங்குல யுஎச்எம்டபிள்யூ பிளாஸ்டிக் பட்டை, அதாவது எளிதில் தேயாத வழுக்குப் பட்டை போடலாம். சாதாரணப் பசை அதில் ஒட்டாது, பின்பசையோடு விற்கும் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கீழ்ப்பட்டை. பின்னால் புது ப்யூட்டைல் நாடா, மேல் விளிம்பில் தொடர்ச்சியாக சீலன்ட். கீழ் விளிம்பில் சீலன்ட் போடாதீர்கள். மேலே தப்பி உள்ளே போன நீர் கீழே வடிய வழி வேண்டும்.

கேள்வி (ஹூஸ்டன்): கடையில் பச்சை நிறத்தில், மருந்தேற்றிய ப்ளைவுட் கிடைக்கிறது. அழுகவே அழுகாது என்கிறார்கள். அதையே போட்டால் என்ன?

பதில்: போடவேண்டாம். அது பெரும்பாலும் ஈரத்தோடுதான் கடைக்கு வருகிறது, காயும்போது முறுக்கும். ஈரம் இருக்கும்வரை எபாக்சியும் அதில் சரியாகப் பிடிக்காது. முக்கியமாக, மருந்திலுள்ள செம்பு அலுமினியத்தையும் சாதாரண இரும்பையும் அரிக்கும். ஸ்லைடின் சட்டம், பட்டை, பல்சட்டம் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

தண்ணீரில் கரையாத பசையால் ஒட்டிய, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ப்ளைவுட் போதும். உள்ளே பொந்து இல்லாததா என்று ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் படகு கட்டும் மரைன் ப்ளைவுட், பிஎஸ் 1088 முத்திரை உள்ளது. கனத்தில் கவனம்: 3/4 என்று விற்பது உண்மையில் 23/32 அங்குலம், 5/8 என்பது 19/32. குறைவாக வந்தால் எபாக்சிப் பூச்சும் அடித்தாளும் சேர்த்துச் சரிக்கட்டலாம். கூடுதலாக வந்தால் ஒன்றும் செய்யமுடியாது.

கேள்வி (சியாட்டில்): ஷ்விண்டெக் ஸ்லைடு. தரை மாற்றியபின் ஒரு பக்கம் முந்தி வருகிறது, மறுபக்கம் பின்தங்கி இறுகி நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. இந்த வகையில் இரு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார். நடுவில் இணைக்கும் தண்டு கிடையாது, கட்டுப்பாட்டுப் பெட்டிதான் இரண்டையும் ஒத்துப் போகச் செய்கிறது. பழுது பார்க்கும்போது பேட்டரியைக் கழற்றியதாலும் ஸ்லைடு அசைந்ததாலும் ஒத்திசைவு போயிருக்கும். ஸ்லைடை முழுதாக வெளியே தள்ளி, மோட்டார்கள் தாமாக நிற்கும்வரை பொத்தானை விடாமல் அழுத்துங்கள். ஓரிரு அங்குலம் உள்ளே இழுத்து, மறுபடி முழுதாக வெளியே தள்ளி, தாமாக நிற்கும்வரை பிடியுங்கள். இரு பக்கமும் ஒன்றாக வந்து நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பேட்டரி நிறைந்திருக்கவேண்டும். வலுவில்லாத பேட்டரியில் இந்த மோட்டார்கள் தடுமாறும்.

அப்படியும் இறுகினால் தரையைப் பாருங்கள். ஒரு பக்கம் கனம் கூடியிருக்கும், அல்லது அடியில் ஒரு ஸ்க்ரூ முனை துருத்தி உருளையில் மோதும். வெள்ளைத் தாளில் கரித்தூள் தடவி அடியில் வைத்துப் பார்த்தால் உராயும் இடம் பதிந்துவிடும். பின்தங்கும் பக்கத்தைக் கையால் தள்ளி உதவுவது ஒருமுறைக்குப் பரவாயில்லை. அதைப் பழக்கமாக்கினால் அலுமினியப் பல்பட்டை வழித்துப் போகும்.

கேள்வி (எடிசன்): காப்பீடு இதற்குப் பணம் தருமா?

பதில்: பொதுவாகத் தராது. மரம் விழுந்து சுவர் கிழிந்து, அதனால் நனைந்தது என்றால் கேட்கலாம். மெல்ல மெல்ல ஊறி அழுகியதைப் பராமரிப்புக் குறை என்றே பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன. உங்கள் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பல வண்டிகளில் ஓர் ஆண்டோடு முடிகிறது. புது வண்டி வாங்கியவர்கள் அந்த ஆண்டு முடிவதற்கு முன் ஒருமுறை அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் படத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி (மார்க்கம்): எங்கள் தரை இன்னும் கெடவில்லை. கெடாமல் வைத்திருக்க என்ன செய்யவேண்டும்?

பதில்: ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், சீலன்ட் வரிகளை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ விளிம்பு தூக்கலோ தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதன்மேல் பூசினால் பழையதோடு சேர்ந்து உரியும். சிலிகோனை எந்த இடத்திலும் போடாதீர்கள். பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, சிலிகோனேகூடச் சரியாக ஒட்டாது. பக்கங்களுக்கு வழியாத வகை சீலன்ட். தானாகப் பரவும் வகை கூரைக்கு மட்டும்.

ஸ்லைடை உள்ளே இழுக்கும்முன் அதன் கூரைமேல் நிற்கும் தண்ணீரையும் இலையையும் துடைத்துத் தள்ளுங்கள். இழுக்கும்போது அவ்வளவும் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே வரும். வண்டியின் கூரை வாய்க்கால் முடியும் மூலையில் தண்ணீர் சுவரை ஒட்டி வழிகிறதா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். வழிந்தால் நீண்ட வடிமூக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள், சில டாலர்தான். ரப்பர் சீல்களுக்கு அதற்கென்றே விற்கும் தெளிப்பானைப் போடுங்கள், பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீழ்ப்பட்டையை நல்ல வெயில் நாளில் கழற்றி, பலகை ஓரம் காய்ந்திருந்தால் அப்போதே எபாக்சி மூன்று பூச்சு பூசி, புது ப்யூட்டைல் வைத்து மூடிவிடுங்கள். ஆலையில் அந்த ஓரத்தைப் பூசி அனுப்புவது அரிது. ஒரு சனிக்கிழமை வேலை இது. பிராம்ப்டன் வாசகருக்கு மேலே எழுதிய அத்தனை பக்கமும் இந்த ஒரு ஓரம் பூசாமல் விட்டதால் வந்தது.

கேள்வி (ஒட்டாவா): தரை அமுங்குகிறது, ஆனால் ஜூலையில் பயணம் முன்பதிவு செய்துவிட்டோம். இந்தக் கோடையை இப்படியே ஓட்டலாமா?

பதில்: அமுங்கும் இடம் எங்கே என்பதைப் பொறுத்தது. இரும்புக் கைகளின் மரைகள் பிடித்திருக்கும் இடமோ, பக்கச் சுவரின் அடியோ அமுங்கினால் ஸ்லைடைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இழுத்தபடியே, அதைப் பயன்படுத்தாமல் போய்வாருங்கள். நடுவில் எங்காவது அமுங்கினால், தரைமேல் அரை அங்குல ப்ளைவுட் துண்டு ஒன்றை விரித்துப் பாரத்தைப் பரப்பலாம். அதை ஸ்க்ரூ அடிக்காதீர்கள், ஸ்லைடை உள்ளே இழுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் டார்கோவின் தாழ்ந்த இடத்தைக் கீறித் தண்ணீரை வடித்துவிட்டு, ஒழுகும் இடத்தை நாடாவாலாவது மூடுங்கள். திரும்பி வந்ததும் ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினால் செப்டம்பர் குளிருக்குள் முடித்துவிடலாம்.